ஆதரவற்ற குழந்தைகளின் தந்தை

மார்ச் 4

அக்காவுக்கு,

வணக்கம். என்னை நீங்கள் பார்த்ததில்லை. பார்க்க ஆசைப்பட்டும் இருக்க மாட்டீர்கள். லிஃப்ட் மெக்கானிக்கோடு ஆறு வருடமாகக் குடும்பம் நடத்துகிறவள் நான். உங்கள் விவாகரத்து முடிந்த பிறகு முறைப்படி பதிவு செய்துகொண்டுதான் வந்தேன். எங்களுக்கு ஐந்து வயதில் ஒரு பெண் இருக்கிறாள். நீதிமன்றத்திலிருந்து அவருக்கு வந்த நோட்டீஸில் உங்கள் முகவரி இருந்தது. அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

அவர் சம்பளத்தில் மாதம் ஐயாயிரத்தைக் கம்பெனியே பிடித்து உங்களுக்குத் தர வேண்டும் என்று மனு போட்டிருக்கிறீர்கள். ஏப்ரல் 24 அன்று விசாரணை என்று இருக்கிறது. தயவுசெய்து அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.

அவர் ஏற்கெனவே மாதா மாதம் எட்டாயிரம் உங்கள் கையில் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறார். அது போக உங்கள் கல்யாணத்துக்கு வாங்கிய கடனை இன்னும் அடைக்கிறார். வாடகை கட்டியது போக எனக்கு ஆறாயிரம் கிடைக்கிறது. அதில்தான் பாலும் பள்ளிக்கூடமும் காய்ச்சல் மருந்தும். எட்டாயிரம் வாங்கிக்கொண்டு இன்னும் ஐயாயிரம் கேட்பது உங்களுக்கே நியாயமாகப் படுகிறதா? நான் குறை சொல்லவில்லை. ஆனாலும் ஒரு அளவு வேண்டும் இல்லையா?

என் போனை அவர் எடுத்துப் பார்ப்பார். பதில் எழுதினால் நான் வேலை பார்க்கும் கிளினிக் முகவரிக்கு எழுதுங்கள். உறை மேல் இருக்கிறது.

இப்படிக்கு,
சின்ன பாப்பாவின் அம்மா


மார்ச் 9

உனக்கு,

உனக்கு அக்கா வேண்டுமென்றால் உன் அம்மா வீட்டில் போய்த் தேடு. என்னிடம் அந்த உறவு காலி இல்லை.

எட்டாயிரமா? ஏழு வருடம் ஆகிறது. எட்டாயிரம் கிடக்கட்டும், எட்டுக் காசு கூட வந்ததில்லை. நீதிமன்றம் அன்றைக்கே மாதம் ஐயாயிரம் ஜீவனாம்சம் என்று உத்தரவு போட்டது. அந்தத் தாள் என் பீரோவில் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. பணம் கொடுத்தேன் என்று அவன் சொன்னானாம், நீ நம்பினாயாம். கல்யாணக் கடனாம். எங்கள் கல்யாணத்துக்கு என் அப்பா தனி ஆளாகச் செலவு செய்தார். இவன் போட்டுக்கொண்டு வந்த செருப்பு கூட இரவல்.

நான் தையல் ஃபேக்டரியில் செக்கர். ஒரு நாளைக்கு எண்ணூறு சட்டை என் கை வழியாகப் போகும். கோணல் தையல், விட்டுப்போன பொத்தான், நிறம் மாறிய கை, எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது. வாழ்க்கையில் ஒரே ஒரு உருப்படியைத்தான் திருப்பிப் பார்க்காமல் பாஸ் பண்ணினேன். அது இப்போது உன் வீட்டில் இருக்கிறது. நல்லபடியாக வைத்துக்கொள்.

என் பெண்ணுக்குப் பதினைந்து வயது. லேப் டெக்னீஷியன் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. ஏப்ரல் 30க்குள் முப்பதாயிரம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் மே முதல் தேதியிலிருந்து அவளும் என்னோடு ஃபேக்டரிக்கு வருவாள். சூப்பர்வைசர் இப்போதே கேட்டுவிட்டான்: "கூட்டிட்டு வாம்மா, சின்னக் கைதான் நூல் வெட்ட வசதி." அதனால்தான் மனு. பேராசையால் அல்ல.

உன் பிள்ளையின் உடம்பு எப்படி இருக்கிறது? இதயத்தில் ஓட்டை, மருந்துக்கே மாதம் இருபதாயிரம் ஆகிறது, எனக்குக் கொடுக்க ஒன்றுமில்லை என்று நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறான். டாக்டர் சான்றிதழும் வைத்திருக்கிறான். அந்தக் குழந்தை மேல் எனக்குக் கோபம் கிடையாது. அதைச் சொல்லத்தான் பதில் எழுதினேன்.

பெரிய பெண்ணின் அம்மா


மார்ச் 14

பெரிய பாப்பாவின் அம்மாவுக்கு,

என் பிள்ளைக்கு இதயத்தில் ஒன்றும் இல்லை. தினமும் நாலு மாடி ஏறி ஓடுகிறாள். லிஃப்ட் மெக்கானிக் மகள், எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் வேலை செய்வதில்லை. யார் வாயிலிருந்தும் இப்படி ஒரு வார்த்தை வரக்கூடாது. என் மேல் கோபம் இருந்தால் என்னைத் திட்டுங்கள். பச்சைக் குழந்தையை இழுக்காதீர்கள்.

சான்றிதழ் இருப்பது உண்மையென்றால் நகலை அனுப்புங்கள். இல்லாவிட்டால் இதுதான் என் கடைசிக் கடிதம்.


மார்ச் 18

நகல் இத்துடன் இருக்கிறது. என் வக்கீல் இலவச வக்கீல். ஒரு நாளைக்கு இருபது கேஸ் பார்க்கிறவர், முதல் பக்கத்துக்கு மேல் புரட்ட மாட்டார். நான் புரட்டினேன். டாக்டர் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் ஏதோ இருக்கிறது. நகலில் மை கலங்கிப் போயிருக்கிறது. உன் கண் இளம் கண், வாசித்துப் பார்.

கடைசிக் கடிதம் என்று மிரட்டியிருந்தாய். நான் ஒன்றும் வாசலில் தபால்காரனுக்காகக் காத்திருக்கவில்லை.


மார்ச் 23

பெரிய பாப்பாவின் அம்மாவுக்கு,

சின்ன எழுத்தை வாசிக்க எனக்குக் கண் தேவைப்படவில்லை. 'பல், வாய் நலம்' என்று இருக்கிறது. அது நான் வேலை பார்க்கும் கிளினிக். வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிறவள் நான். டிசம்பரில் மருந்து எழுதும் சீட்டுக் கட்டு ஒன்று காணாமல் போனதற்கு டாக்டர் எல்லோர் முன்னாலும் என்னைத்தான் கேட்டார். என் கைப்பையிலிருந்துதான் போயிருக்கிறது. பல் டாக்டர் சீட்டில் என் பிள்ளையின் இதயத்தில் ஓட்டை போட்டிருக்கிறார்.

ஆத்திரத்தில் கேட்டுவிடலாம் என்று வீட்டுக்குப் போனேன். போனதும் வேறு மாதிரி தோன்றியது. சாப்பிடும்போது சும்மா கேட்பது போல, "அவங்களுக்கு இந்த மாசம் குடுத்தாச்சா?" என்றேன்.

"நேத்துதான் குடுத்தேன். வாங்கி ரெண்டு தடவை எண்ணிப் பாத்துட்டு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டா. நன்றி கெட்ட ஜென்மம்" என்றார். உங்கள் கடிதம் என் கைப்பையில் இருந்தது. கைப்பை அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் தொங்கியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். அதுவும் நான் பரிமாறிய சோற்றில்.

அப்படியானால் பணம் எங்கே போகிறது? அவர் குடிப்பதில்லை, சீட்டாடுவதில்லை. இன்னொருத்தி இருப்பாளோ என்று இரண்டு நாள் எனக்குத் தூக்கமில்லை. விடை வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது. ஷோகேஸில் நாலு ஷீல்டு வைத்திருக்கிறார். வேலைத் திறமைக்குக் கொடுத்தது என்று நினைத்து வாரா வாரம் துடைத்திருக்கிறேன், வாசித்ததில்லை. நேற்று எடுத்து வாசித்தேன். நாலிலும் ஒரே வாசகம்: 'ஆதரவற்ற குழந்தைகளின் தந்தை.'

அவரோடு வேலை பார்ப்பவரின் மனைவியிடம் விசாரித்தேன். அவர்களுக்கு ஒரு லிஃப்ட் ஊழியர் நலச் சங்கம் இருக்கிறது. அது வருடா வருடம் தகப்பன் கைவிட்ட பிள்ளைகளுக்குப் படிப்பு உதவித்தொகை கொடுக்கிறதாம். ஹால் வாடகை, பரிசு, காசோலை, சாப்பாடு எல்லாம் அவர் செலவு. ஷீல்டு கூட அவரே காசு கொடுத்துச் செய்ததுதான். பின்பக்கம் கடைக்காரன் ஒட்டிய விலைச் சீட்டு கிழியாமல் இருக்கிறது. சங்கத்தில் அவரை 'வள்ளல்' என்றுதான் கூப்பிடுகிறார்களாம்.

என்ன எழுதுவதென்று தெரியவில்லை. முதல் கடிதத்தில் நியாயம், அளவு என்றெல்லாம் எழுதிவிட்டேன். அதை மட்டும் கிழித்துப் போட்டுவிடுங்கள்.


மார்ச் 29

உனக்கு,

கிழிக்க மாட்டேன். எப்போதாவது சிரிப்பு வராத நாளில் எடுத்து வாசிக்க வேண்டியிருக்கும்.

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று சொல்வார்கள். அந்தப் பழமொழியை நம்பி முதலீடு போட்ட ஒரே ஆள் இவனாகத்தான் இருக்கும். பெற்ற பிள்ளைக்குப் பால் வாங்கிக் கொடுத்தால் யார் மைக்கில் சொல்லப் போகிறார்கள்? யாரும் எழுந்து நின்று கைதட்டப் போவதில்லை. அதுதான் அவனுக்கு வீட்டில் இருந்த ஒரே கஷ்டம். என்னோடு இருந்தபோதும் ஒரு நாள் அரிசி வாங்கி வந்தால் மூன்று நாள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பான். எதற்கென்று அப்போது எனக்குப் புரியவில்லை.

இப்போது நான் சொல்வதை உட்கார்ந்துகொண்டு கேள். பிப்ரவரியில் என் பெண்ணின் வகுப்பு ஆசிரியை ஏதோ உதவித்தொகைக்கு அவள் பெயரை அனுப்பினார். படிவத்தில் 'தந்தை: ஆதரவு இல்லை' என்று ஆசிரியையே எழுதிவிட்டார். பள்ளிக்கூடப் பதிவில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. போன வாரம் அவளைத் தேர்ந்தெடுத்ததாகக் கடிதம் வந்தது. பதினைந்தாயிரம். ஏப்ரல் 6, மாலை நான்கு மணி, பெற்றோருடன் வரவும். மேலே சங்கத்தின் முத்திரை. உன் கடிதம் வந்த பிறகுதான் அந்த முத்திரையைச் சரியாகப் பார்த்தேன்.

யாருக்குக் கொடுக்கிறோம் என்று கூட அவன் பட்டியலைப் பார்ப்பதில்லை போலிருக்கிறது.

பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேண்டாமென்றால் விட்டுவிடலாம் என்றேன். "எதுக்கு விடணும்? எனக்கு வர வேண்டிய காசுதானே. சுத்தி வந்திருக்கு, அவ்வளவுதான்" என்றாள். பாதிப் பணம் கிடைத்தால் மீதிப் பாதிக்கு ஃபேக்டரியில் முன்பணம் கேட்டுப் பார்ப்பேன். போகிறோம்.

அவனிடம் சொல்லப் போகிறாயா? சொன்னால் சொல். உன் இஷ்டம்.


ஏப்ரல் 3

பெரிய பாப்பாவின் அம்மாவுக்கு,

சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

தினமும் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகுகிறார். புதுச் சட்டைக்கு நான் இஸ்திரி போட்டிருக்கிறேன். சின்னவளை எதிரே உட்கார வைத்து, எந்த இடத்தில் கைதட்ட வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிறார். "தகப்பன் இருந்தும் இல்லாத பிள்ளைகளுக்கு, இதோ நான் இருக்கிறேன்" என்ற இடத்தில்தான் பலமாகத் தட்ட வேண்டுமாம். அவள் ஒரு முறை சீக்கிரம் தட்டிவிட்டாள். மறுபடியும் முதலிலிருந்து பேசினார்.

அவளுக்கு ஷூ வாங்க வேண்டும் என்று பிப்ரவரியிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். விழா முடியட்டும் என்கிறார்.

எங்களை அவர் விழாவுக்குக் கூட்டிப் போக மாட்டார். நடந்ததை எழுதுங்கள். ஒன்றையும் விடாதீர்கள்.


ஏப்ரல் 7

உனக்கு,

அரை நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று போனேன். கடைசி வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மேடையில் அவன் நடு நாற்காலியில் இருந்தான். தலைமுடிக்கு மை போட்டிருக்கிறான், காதோரம் வழிந்திருந்தது. நீ இஸ்திரி போட்ட சட்டை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் காலர் தையல் இரண்டாம் தரம். என் மேஜைக்கு வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

சங்கச் செயலாளர் இருபது நிமிடம் அவனைப் புகழ்ந்தார். இவன் தலையைக் குனிந்துகொண்டு போதும் போதும் என்று கையைக் காட்டினான். அவர் உண்மையாகவே நிறுத்தப் போனபோது நிமிர்ந்து பார்த்தான். பிறகு இவன் பேசினான். உன் பெண் கைதட்டப் பழகிய இடம் வந்தது. ஹாலில் பலமாகத்தான் தட்டினார்கள். என் பக்கத்தில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவரு பிள்ளைங்க குடுத்து வெச்சதுங்க" என்றாள். ஆமாம் என்றேன்.

ஆறு பிள்ளைகள். என் பெண் நாலாவது. பெயரைக் கூப்பிட்டதும் ஏறிப் போனாள். அவன் போட்டோகிராஃபரைப் பார்த்துக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தான், பெயர் காதில் விழவில்லை. அவளை எட்டு வயதில் கடைசியாகப் பார்த்தவன். அடையாளம் தெரியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஏதோ ஒரு நொடி தெரிந்துவிடும் என்று நினைத்தேன். அதை நினைத்ததற்கு இப்போது எனக்கு என் மேலேயே எரிச்சலாக இருக்கிறது.

போட்டோவுக்காகக் காசோலையின் ஒரு முனையை அவன் பிடித்துக்கொண்டான், இன்னொரு முனையை அவள். மைக் நடுவில் இருந்தது. எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்டதுபோல அவளிடமும் கேட்டான். "என்னம்மா படிக்கப் போறே?"

"லேப் டெக்னீஷியன், சார்."

"பேஷ். அம்மா என்ன பண்றாங்க?"

"ஃபேக்டரியில செக்கர், சார்."

இந்த இடத்திலாவது ஏதாவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. மற்றவர்களிடம் கேட்காததை இவளிடம் கேட்டான். பரிதாபமாகக் குரலை இறக்கிக்கொண்டு, "அப்பா? இருக்காரா?" என்றான்.

"இருக்காரு, சார். லிஃப்ட் மெக்கானிக்."

கூட்டம் சலசலத்தது. இவன் சிரித்துக்கொண்டே, "அட, நம்ம ஆளு. எந்தக் கம்பெனி?" என்றான்.

அவள் கம்பெனி பெயரைச் சொன்னாள். பிறகு அவன் முழுப் பெயரையும் சொன்னாள். சத்தம் போடவில்லை, அழவில்லை. ரிசப்ஷனில் பெயர் கொடுப்பதுபோலச் சொன்னாள். போட்டோகிராஃபர் அப்போதுதான் எடுத்தான். அவன் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது, இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் நிற்குமே, அதுபோல. காசோலையின் அவன் பக்க முனையை விடவே இல்லை. அவள் மெதுவாக இழுத்து வாங்கிக்கொண்டு, "நன்றி, சார்" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தாள்.

பஸ்ஸில் வரும்போது காசோலையை மடிக்காமல் நோட்டுக்குள் வைத்திருந்தாள். இன்னொரு கையை நான் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் இரண்டு பேருக்கும் பயங்கரப் பசி.


ஏப்ரல் 11

பெரிய பாப்பாவின் அம்மாவுக்கு,

இதை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் வேறு யாரிடமிருந்தோ தெரிவதைவிட என்னிடமிருந்து தெரியட்டும்.

அன்றைக்கு வந்ததும் ஷூவைக் கழற்றாமல் கட்டிலில் விழுந்தார். "சங்கத்துல எவனோ எனக்குக் குழி பறிச்சிட்டான். ஒரு பொண்ணைச் செட் பண்ணி அனுப்பியிருக்கான்" என்றார். பொண்ணு யார் என்று கேட்டேன். "யாரோ" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அவ அம்மா மாதிரியே திமிரு" என்றார். மகள் என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. உயரமாக இருக்கிறாளா, நன்றாகப் படிக்கிறாளா, ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் சங்க விதிகளைப் புரட்டினார். உறுப்பினர்களின் சொந்தப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை கிடையாது என்று ஒரு விதி இருக்கிறது. உடனே முகம் மலர்ந்துவிட்டது. அவளுக்குக் கொடுத்ததை ரத்து செய்யச் சொல்லிக் கடிதம் எழுதினார். அவர் கையெழுத்து அவருக்கே புரியாது, அதனால் என்னைக் கிளினிக்கில் டைப் அடித்து வரச் சொன்னார். 'மேற்படி மாணவி என் சொந்த மகள். அவளை நான் முழுமையாக ஆதரித்து வருகிறேன். ஆகவே அவள் இந்த உதவிக்குத் தகுதியற்றவள்.'

மாட்டேன் என்றால் வேறு கடையில் அடித்துக்கொள்வார். அதனால் அடித்தேன். அடிக்கும் முன்னால் ஒன்று கேட்டேன். "ஆதரிக்கிறேன்னு மொட்டையாப் போட்டா செயலாளர் நம்புவாரா? தொகை போட்டா வலுவா இருக்காது?" யோசித்தார். "ஆமா, போடு. ஏழு வருஷமா மாசம் எட்டாயிரம்னு போடு. பத்துன்னு கூடப் போடலாம். வேணாம், எட்டே இருக்கட்டும்" என்றார். படித்துப் பார்த்துச் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார்.

சங்கத்திலிருந்து உங்களுக்கும் பள்ளிக்கும் நகல் வரும். பதினைந்தாயிரம் போய்விடும். அதைத் தடுக்க என்னால் முடியவில்லை.


ஏப்ரல் 15

வந்துவிட்டது. காசோலையைத் திருப்பி அனுப்பச் சொல்லி, அவன் கடித நகலோடு. அதற்குள் நான் ஃபேக்டரியில் முன்பணம் கேட்டு, இல்லை என்று அவர்கள் சொல்லி, அதுவும் முடிந்தது.

என் பெண் கையிலிருந்து பிடுங்குகிற தாளை நீ உட்கார்ந்து டைப் அடித்திருக்கிறாய். அதற்கு வலுவும் சேர்த்திருக்கிறாய். பிழை கூட இல்லை, எல்லாம் வரிசையாக இருக்கிறது. நல்ல வேலைக்காரி. அவன் எட்டு என்றான், பத்து என்றான் என்று எனக்குக் கதை சொல்லாதே. வயிறு எரிகிறது. பிள்ளை நூல் வெட்டும் கத்தரி எப்படி இருக்கும் என்று கேட்கிறாள்.

இனி எழுதாதே.


ஏப்ரல் 25

உனக்கு,

எழுதாதே என்றவள்தான் எழுதுகிறேன். நேற்று விசாரணை நடந்தது.

அவன் வக்கீல் வழக்கம்போல, குழந்தைக்கு இதயம், சல்லிக்காசு மிச்சமில்லை என்றான். என் வக்கீல் எழுந்து நின்று கொட்டாவி விட்டார். நான் சங்கத்திலிருந்து வந்த நகலை அவர் கையில் திணித்தேன், அவர் அதை அப்படியே நீதிபதியிடம் கொடுத்தார். அந்த அம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி இரண்டு முறை வாசித்தார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்க."

"ஏழு வருஷமா மாசம் எட்டாயிரம் குடுக்கறீங்க?"

இல்லை என்றால் சங்கத்தில் பொய்யன். ஆமாம் என்றால், இல்லாத பணம் எங்கிருந்து வந்தது? அவன் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும். இவனுக்குத் துணைக்கு வந்த சங்கச் செயலாளரும் பின்னால் உட்கார்ந்திருந்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஆமாங்கம்மா. என் கையாலதான் குடுத்தேன்" என்றான்.

"ரசீது இருக்கா?"

"பெத்த பிள்ளைக்குக் குடுக்க ரசீது வாங்குவாங்களாம்மா?"

"சரி. இனிமே கையால வேணாம், கம்பெனியே குடுக்கட்டும். நீங்களே முடியும்னு சொல்ற தொகை, எட்டாயிரம்" என்று எழுதிவிட்டார். நான் கேட்டது ஐந்து. நுணலும் தன் வாயால் கெடும். ஆனால் தன் கெடுதலுக்கு இப்படிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்த தவளையை நான் பார்த்ததில்லை.

பிறகு உங்கள் கிளினிக் சீட்டைக் கையில் எடுத்தார். "இதயத்துக்குப் பல் டாக்டர் ஏன் எழுதியிருக்கார்?" இவன், "குடும்ப டாக்டருங்க" என்றான். அவன் வக்கீல் தன் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தான். பொய்ச் சான்றிதழுக்கு உள்ளே தள்ள முடியும் என்று எச்சரித்துவிட்டு, பழைய பாக்கியில் முப்பதாயிரத்தை ஐந்து நாளில் கட்ட வேண்டும் என்று அந்த அம்மா சொன்னார். அடுத்த வருட விழாவுக்கு ஹால் முன்பணம் கொடுத்து வைத்திருக்கிறானாம். அதைத் திரும்ப வாங்கித்தான் கட்ட வேண்டும் என்று வராந்தாவில் செயலாளரிடம் அழுதுகொண்டிருந்தான்.

உன் பெயரை நான் எங்கும் சொல்லவில்லை. நீ தொகையைப் போட வைத்தது எதற்கென்று எனக்கு அந்த அம்மா வாசித்தபோதுதான் விளங்கியது. நான் செக்கர், பார்த்தவுடன் கண்டுபிடித்திருக்க வேண்டும். கோபம் கண்ணை மறைத்துவிட்டது. இதற்கு மேல் என்னிடம் எதிர்பார்க்காதே.

இப்போது உன் விஷயம். என் எட்டு போனால் உன் ஆறில்தான் கை வைப்பான், விழாவில் வைக்க மாட்டான். கூடவே இருக்கிற மனைவியும் பிள்ளைக்காகப் பிடித்தம் கேட்கலாம். அதே நீதிமன்றக் கட்டடம், மூன்றாம் ஜன்னல். பச்சைப் படிவம் வாங்கு, வெள்ளையைக் கொடுத்தால் வாங்காதே. பன்னிரண்டரைக்கு மேல் போகாதே, அந்த ஆள் டீ குடிக்கப் போனால் திரும்பி வர மாட்டான். குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் இரண்டு நகல். ஷூ வாங்காததையும் எழுது.


மே 2

பெரிய பாப்பாவின் அம்மாவுக்கு,

அவர் வாய் திறக்கவில்லை, அதனால் பணம் கட்டினாரா என்று எனக்குத் தெரியவில்லை. இடம் கிடைத்ததா? அதை மட்டும் சொல்லுங்கள்.

பச்சைப் படிவம் கொடுத்துவிட்டேன். பன்னிரண்டு இருபதுக்கு.


மே 6

29ஆம் தேதி கட்டினான். அன்று மாலையே ஓடிப்போய்க் கல்லூரியில் கட்டிவிட்டோம். வெள்ளைக் கோட்டு தைக்க வேண்டுமாம். கடையில் வாங்க விடவில்லை, நானே தைக்கிறேன். சூப்பர்வைசரிடம் சின்னக் கை வராது என்று சொல்லிவிட்டேன்.


ஜூலை 3

பெரிய பாப்பாவின் அம்மாவுக்கு,

இந்த மாதச் சம்பளச் சீட்டு நேற்று வந்தது. இரண்டு பிடித்தம். பெரியவளுக்கு எட்டு, சின்னவளுக்கு ஏழு. சின்னவளின் ஏழு என் கணக்குக்கே வந்துவிட்டது. காலையில் ஷூ வாங்கினேன். கடைக்காரன் ஒரு அளவு பெரிதாகவே வாங்கச் சொன்னான்.

அவர் சீட்டை எடுத்து வந்து சாப்பாட்டு மேஜையில் விரித்து வைத்தார். இரண்டு வரியையும் விரலால் தொட்டுக் காட்டினார். "ரெண்டு குடும்பம். ஒத்தை ஆளு. எவனால முடியும்?" என்றார். சங்கத்திலும் இதையே சொல்லிக்கொண்டு திரிகிறார் என்று கேள்வி. நீதிமன்றம் போட்ட உத்தரவு என்று சொல்வதில்லையாம். தானாகத் தருகிறேன் என்கிறாராம்.

நான் சோறு போட்டேன். அவர் கை வைக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். நான் குழம்பு ஊற்றினேன். மறுபடியும் பார்த்தார். சின்னவள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போய்விட்டாள். நான் என் தட்டில் போட்டுக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தேன்.

கடைசியில் அவராகவே கேட்டார். "ஒரு நன்றி கூடச் சொல்ல மாட்டியா?"

"எதுக்கு?" என்றேன்.

கிண்டலுக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். அவர் சம்பளச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.  சாப்பிட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.